திரையில் பச்சை, ஷெட்டில் வேலை நின்றுவிட்டது: எந்த வழியில் சரிசெய்வது?

கண்காணிப்புத் திரையில் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை சர்வர் பச்சையாக, அதாவது நலமாக, நிற்கிறது. அதற்கு இலை வாங்கும் ஷெட்டிலிருந்து போன் வருகிறது: "சார், இலை எடை ஏறவே மாட்டேங்குது." இன்னொரு நாள் இதற்கு நேர்மாறு, திரை முழுக்கச் சிவப்பு, கூப்பிட்டுக் கேட்டால் "இங்க எல்லாம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு சார்" என்கிறார்கள். நீலகிரியில் தேயிலைத் தொழிற்சாலை, விடுதிப் பள்ளி, ஓட்டல், ஆஸ்பத்திரி என்று எங்கே கணினி வேலை பார்ப்பவரைக் கேட்டாலும் இந்த இரண்டில் ஒன்றைச் சொல்வார்.

இப்படித் திரையும் நேரில் இருப்பதும் ஒத்துப்போகாதபோது ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ரீசெட் பண்ணிவிடு, ஏஜென்டின் கேச்சைக் காலி பண்ணு, மெயின்டனன்ஸ் மோடில் போட்டு எடு, ஏஜென்டையே கழற்றிவிட்டு மறுபடி போடு. (ஏஜென்ட் என்பது கணினிக்குள் இருந்தபடி அதன் நிலையை அனுப்புகிற சின்ன மென்பொருள், கேச் என்பது அது சேர்த்துவைக்கும் தற்காலிகத் தகவல்.) எல்லாமே சில நேரம் பலிக்கும். ஆனால் இவற்றில் பாதி, நிறத்தை மட்டும் மாற்றிவிட்டுக் கோளாறை அப்படியே விட்டுவிடும், போகிற போக்கில் தடயத்தையும் அழித்துவிடும். கோயம்புத்தூரில் இருப்பவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் நேரில் பார்த்துவிடலாம். குன்னூரில் உட்கார்ந்துகொண்டு கூடலூர் பக்கம் ஒரு சர்வரைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் போய் வருவதற்கே ஒரு பகல் போய்விடும், மழையில் மரம் விழுந்தால் அதுவும் நடக்காது. அதனால்தான் எந்த வழியை எப்போது எடுப்பது என்பது நமக்கு மற்றவர்களைவிட முக்கியம்.

முதலில் ஒன்று. திரையில் தெரியும் நிறம் இப்போதைய நிலை கிடையாது, கடைசியாகக் கிடைத்த தகவலின் நிறம். நடுவில் மூன்று இடம் இருக்கிறது: தொழிற்சாலைக் கணினியில் அளந்து பார்க்கிற ஏஜென்ட், அந்த அளவை வாங்கித் தீர்ப்புச் சொல்கிற சர்வர், தீர்ப்பை வரைந்து காட்டுகிற திரை. எது நின்றாலும் பழைய நிறம் அப்படியே தங்கிவிடும். சிஸ்டம் சென்டர் ஆபரேஷன்ஸ் மேனேஜர் என்ற மைக்ரோசாஃப்ட் கண்காணிப்பு மென்பொருளில், அதாவது எஸ்காமில், ஏஜென்ட் 60 விநாடிக்கு ஒரு முறை ஹார்ட்பீட், அதாவது 'இருக்கிறேன்' என்ற குறி, அனுப்பும். இயல்பான அமைப்பில் 3 ஹார்ட்பீட் தவறிய பிறகுதான் சர்வர் விழித்துக்கொண்டு அந்தக் கணினியை பிங் செய்து, அதாவது பதில் வருகிறதா என்று கூப்பிட்டு, பார்க்கும், அப்புறம் நிறம் சாம்பலாகும். அந்தச் சாம்பலுக்குள்ளும் பழைய டிக் குறி தெரியும், அதைப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று கடந்துபோகிறவர்கள் நிறையப் பேர். சாம்பல் என்றால் எனக்குத் தெரியவில்லை என்று அர்த்தம், அதைச் சிவப்பு அளவுக்கு மதிக்க வேண்டும். ஜாபிக்ஸ் என்ற இன்னொரு கண்காணிப்பு மென்பொருளில் இன்னும் மோசம். புது அளவு வராவிட்டால் சாதாரண ட்ரிக்கர், அதாவது அலர்ட் கிளப்பும் நிபந்தனை, மறுபடி கணக்குப் போடவே போடாது, நேற்றைய பச்சை இன்றைக்கும் பச்சையாகவே நிற்கும். அதற்கென்று, தகவல் வராததைக் கவனிக்கும் நோடேட்டா ட்ரிக்கர் ஒன்றைத் தனியாக எழுதி வைத்திருந்தால்தான் சத்தம் வரும். நாகியோஸ் என்ற மூன்றாவது மென்பொருளில் ஒரு சோதனை முதல் முறை தோற்றால் சாஃப்ட் நிலைதான், நீங்கள் சொல்லிவைத்த எண்ணிக்கை வரை திரும்பத் திரும்பத் தோற்ற பிறகுதான் ஹார்ட் நிலையாகி அலர்ட் கிளம்பும்.

ஆகவே எந்த மென்பொருளானாலும் நிறத்தைப் பார்க்கும் முன் கடைசியாகச் சோதித்த நேரத்தைப் பாருங்கள். நாகியோஸில் அது திரையிலேயே ஒரு பத்தியாக இருக்கிறது, ஜாபிக்ஸில் லேட்டஸ்ட் டேட்டா பக்கத்தில் இருக்கிறது, எஸ்காமில் ஹெல்த் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால் நிலை எப்போது மாறியது என்ற வரலாறு இருக்கிறது. கீழே ஒப்பிடுகிற எல்லா வழிக்கும் இந்த ஒரு பார்வைதான் அடிப்படை.

எஸ்காம்காரர்களுக்கு இன்னொரு சின்ன விஷயம். கன்சோலே, அதாவது நீங்கள் பார்க்கும் திரை மென்பொருளே, தனக்கென்று ஒரு கேச் வைத்திருக்கிறது. சர்வரில் எல்லாம் சரியாக இருந்து, உங்கள் மேசையில் உள்ள கன்சோல் மட்டும் பழையதைக் காட்டுவது உண்டு. வெப் கன்சோலிலோ இன்னொரு கணினியிலோ திறந்து பாருங்கள். அங்கே வேறு நிறம் தெரிந்தால், கிளியர்கேச் சுவிட்சோடு கன்சோலைத் திறந்தாலே போதும், ஏஜென்ட் பக்கம் கையே வைக்க வேண்டாம்.

சரி, கையால் ரீசெட் செய்வது. எல்லாரும் முதலில் ஓடுவது இதற்குத்தான், நான் கடைசியில் வைப்பதும் இதைத்தான். எஸ்காமில் ரீசெட் ஹெல்த், ரீகேல்குலேட் ஹெல்த் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கின்றன. ரீசெட் எதையும் சோதிக்காது, பச்சை அடித்துவிட்டுப் போய்விடும். ரீகேல்குலேட் மறுபடி சோதிக்கச் சொல்லும், ஆனால் கேட்டவுடன் சோதிக்கும் வசதியோடு எழுதப்பட்ட மானிட்டருக்குத்தான் (இங்கே மானிட்டர் என்பது கணினித் திரை அல்ல, ஒரு விஷயத்தைச் சோதிக்கும் விதி) அது பலிக்கும். மற்றவற்றில் அழுத்தினால் ஒன்றும் நடக்காது, பிழைச் செய்தியும் வராது. அழுத்தினேன், மாறவில்லை, அப்படியானால் உண்மையிலேயே கோளாறு என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

இதைவிட ஆபத்தானது அலர்ட்டை மட்டும் மூடுவது. எஸ்காமில் மானிட்டர் கிளப்பிய அலர்ட்டை நீங்கள் மூடினாலும் மானிட்டர் சிவப்பாகவே இருக்கும். நிலை மாறினால்தான் புது அலர்ட் வரும். ஏற்கெனவே சிவப்பில் இருப்பது மறுபடி சிவப்பாக மாற முடியாதே, அதனால் அதே கோளாறு இன்னும் தீவிரமானாலும் உங்கள் மெயிலுக்கு ஒன்றும் வராது. 2019 பதிப்பிலிருந்துதான், மானிட்டர் சரியாகாத வரை அலர்ட்டை மூட விடாமல் தடுத்தார்கள். பழைய பதிப்பு இன்னும் ஓடுகிற இடமாக இருந்தால், அலர்ட் பட்டியல் சுத்தமாக இருப்பதை வைத்து நிம்மதியாகத் தூங்க முடியாது. ஜாபிக்ஸில் பிரச்சினையைக் கையால் மூடினால், அடுத்த அளவு வந்ததும் நிபந்தனை இன்னும் பொருந்தினால் அது மறுபடி திறந்துகொள்ளும், இந்த விஷயத்தில் ஜாபிக்ஸே மேல். நாகியோஸில் ரீசெட்டுக்குப் பதிலாக அடுத்த சோதனையை இப்போதே நடத்து என்று நேரத்தை முன்னால் இழுக்கலாம், எனக்கு அதுதான் நேர்மையான பொத்தான்.

அடுத்து ஏஜென்டின் கேச்சைக் காலி செய்வது. எஸ்காமில் ஏஜென்ட் சர்வீஸை நிறுத்தி, ஹெல்த் சர்வீஸ் ஸ்டேட் என்ற ஃபோல்டரை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுவது. கணினி நன்றாக இருக்கிறது, நெட்வொர்க்கும் இருக்கிறது, ஏஜென்ட் சர்வரோடு பேசும் 5723 போர்ட்டும் திறந்திருக்கிறது, ஆனாலும் ஏஜென்ட் சாம்பலாகவே நிற்கிறது என்றால் இதுதான் சரியான மருந்து. ஆனால் இரண்டு செலவு உண்டு. இன்னும் அனுப்பாமல் வரிசையில் காத்திருந்த தகவல் அந்த ஃபோல்டரில்தான் இருக்கிறது, அது போய்விடும். அப்புறம் எல்லா மேனேஜ்மென்ட் பேக்கையும் (எதை எப்படிச் சோதிப்பது என்ற விதித் தொகுப்பு) ஏஜென்ட் புதிதாக இறக்கிக்கொள்ள வேண்டும். நகரத்து லிங்க்கில் அது தெரியக்கூடத் தெரியாது, மலைச்சரிவில் தொங்குகிற மெலிந்த லிங்க்கில் அது இறங்கி முடியும்வரை எடைத் தகவலும் சேர்ந்து திணறும். ஆகவே ஒரே லிங்க்கில் உள்ள எல்லாக் கணினிக்கும் ஒரே நேரத்தில் இதைச் செய்யாதீர்கள், இலை வருகிற நேரத்தில் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். ஃபோல்டரை அழிக்காமல் பெயரை மாற்றி வையுங்கள், பிறகு பார்க்க வேண்டியிருந்தால் இருக்கும். முடிந்த பிறகு அந்தக் கணினியின் ஆபரேஷன்ஸ் மேனேஜர் லாக்கில் 1210 என்ற ஈவன்ட் வருகிறதா பாருங்கள், புது அமைப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது என்று பொருள். அது வராமல் திரை பச்சையானால் நம்பாதீர்கள். 21016 வந்தால் சர்வரோடு இணைப்பே ஏற்படவில்லை, கேச்சை எத்தனை தடவை அழித்தாலும் பலனில்லை.

மெயின்டனன்ஸ் மோடில் போட்டு எடுப்பதைச் சிலர் குறுக்குவழியாகச் சொல்வார்கள். உள்ளே போகும்போது மானிட்டர்கள் இறக்கப்படுகின்றன, வெளியே வரும்போது எல்லாம் நல்ல நிலையிலிருந்து தொடங்குகின்றன. ஈவன்ட் லாக்கில் ஒரு வரி விழுவதை வைத்துச் சிவப்பாகும் மானிட்டராக இருந்தால், அந்தப் பழைய வரி மறுபடி விழப்போவதில்லை, எனவே கோளாறு இருந்தும் பச்சையாகவே தங்கிவிடும். வேலை பார்க்கும்போது அலர்ட்டை அடக்கிவைக்கத்தான் அந்த வசதி, அதற்கு மட்டும் பயன்படுத்தினால் போதும்.

ஏஜென்டைக் கழற்றிவிட்டு மறுபடி போடுவது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோப்பு கெட்டுப்போனதற்கு ஆதாரம் இருந்தால் செய்யலாம். இல்லாவிட்டால் ஒரு கோளாறோடு இரண்டாவதையும் சேர்த்துக்கொள்வீர்கள்: ஜாபிக்ஸில் ஏஜென்டே தகவலை அனுப்பிவைக்கும் ஆக்டிவ் செக் வைத்திருந்தால், ஏஜென்ட் அமைப்பில் உள்ள ஹோஸ்ட் பெயர் சர்வரில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், புதிதாகப் போடும்போது அங்கேதான் பிசகும்.

இந்த நான்குமே ஏஜென்டைத்தான் குற்றவாளி என்று வைத்துக்கொள்கின்றன. நம் மலையில் பெரும்பாலும் குற்றவாளி நடுவில் இருக்கிறது.

உதாரணத்துக்குக் கடிகாரம். எஸ்காம் ஏஜென்ட் டொமைனுக்குள் (நிறுவனக் கணினிகளின் குழு) கெர்பரோஸ் என்ற அடையாளச் சோதனை மூலம் தன்னை நிரூபித்துக்கொள்கிறது, அதற்கு இரண்டு பக்கக் கடிகாரமும் 5 நிமிட வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். இலை வாங்கும் ஷெட்டில் பத்து வருஷமாக ஓடுகிற கணினி, மதர்போர்டில் உள்ள பட்டன் செல் தீர்ந்துபோயிருக்கும், கரண்ட் போய் வந்தால் கடிகாரம் எந்த வருஷத்துக்கோ ஓடிவிடும். கணினி வேலை செய்கிறது, பிங் போகிறது, ஏஜென்ட் மட்டும் சாம்பல். இங்கே ரீசெட், கேச், மறுபடி போடுவது எதுவும் உதவாது. ஒரு சிஆர்2032 செல் வாங்கிப் போட்டு, நேரத்தை என்டிபி என்ற நேர ஒத்திசைவு முறை வழியாகச் சர்வரோடு இணைத்துவிட்டால் தீர்ந்தது. கரண்ட் போய் வந்த பிறகு சாம்பலான கணினி என்றால் நான் முதலில் கேட்பதே, "அங்க மணி என்ன காட்டுது, படிச்சுச் சொல்லுங்க" என்பதுதான்.

அப்புறம் லிங்க். குன்னூருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் வைத்திருப்பவர்கள் பலர். கம்பம் நட்ட அன்றைக்கு எதிர்மலை தெளிவாகத் தெரிந்திருக்கும். நடுவில் தோட்டத்துக்கு நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே வரும், நனைந்த இலை சிக்னலை உறிஞ்சும், மழை நாளில் மட்டும் திரை சிவப்பும் பச்சையுமாகத் துடிக்கும். ஃபைபர் என்றாலும் மழைக்காலத்தில் மண் சரிந்தால் மலைப்பாதையோடு சேர்ந்து அதுவும் அறுந்துபோகும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய மாவட்டம் இது, லிங்க் போகாது என்று நம்பிக் கண்காணிப்பை அமைக்க முடியாது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, பொறுமையைக் கூட்டுவது: தவறவிட அனுமதிக்கும் ஹார்ட்பீட்டை 3-லிருந்து 10 ஆக்குவது, நாகியோஸில் முயற்சி எண்ணிக்கையை ஏற்றுவது. செலவில்லை, ஐந்து நிமிட வேலை, பொய்ச் சிவப்பு குறைந்துவிடும். ஆனால் உண்மையான கோளாறும் அவ்வளவு தாமதமாகத்தான் தெரியும். எஸ்காமில் தவறிய ஹார்ட்பீட் எண்ணிக்கை சர்வர் பக்கத்து அமைப்பு, ஒரு தொழிற்சாலைக்காக மாற்றினால் அந்த சர்வரில் உள்ள எல்லாவற்றுக்கும் மாறிவிடும். ஏஜென்டுக்கு ஏஜென்ட் மாற்ற முடிவது ஹார்ட்பீட் இடைவெளியைத்தான், அதை மாற்றுவது நல்லது.

இன்னொன்று, கண்காணிப்பின் ஒரு கையைத் தொழிற்சாலைக்குள்ளேயே வைப்பது. சர்வருக்குப் பதிலாக அங்கேயே அளவுகளைச் சேகரிக்கும் ஜாபிக்ஸ் ப்ராக்ஸி, ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியில் கூட ஓடும். உள்ளேயிருந்தபடி அளந்துகொண்டே இருக்கும், லிங்க் போனால் அளவுகளைச் சேர்த்துவைக்கும், வந்ததும் அனுப்பிவிடும். மாலை 4 மணிக்கு லிங்க் போய் இரவு 9 மணிக்கு வந்தாலும் நடுவில் சர்வர் உண்மையிலேயே நின்றதா இல்லையா என்று வரைபடத்தில் தெரியும். 5.0 பதிப்பிலிருந்து, ப்ராக்ஸியே எட்டாத நேரத்தில் நோடேட்டா ட்ரிக்கர்கள் சும்மா கத்துவதும் நின்றுவிட்டது. ஆனால் ஒரு அமைப்பை மாற்றியே ஆக வேண்டும்: ப்ராக்ஸி ஆஃப்லைன் பஃபர் இயல்பில் 1 மணி நேரம்தான், அதற்கு மேல் லிங்க் போனால் பழையது கழிந்துவிடும். மலையில் 1 மணி நேரம் எதற்கும் போதாது, 72 வையுங்கள். எஸ்டி கார்டு தேய்ந்துவிடும் என்ற பயம் இருந்தால் சின்ன எஸ்எஸ்டி போட்டுக்கொள்ளலாம்.

இரண்டில் எது என்று கேட்டால், ஓரிரண்டு கணினி மட்டும் உள்ள இலை ஷெட்டுக்குப் பொறுமையைக் கூட்டினால் போதும், சர்வரோடு இருக்கிற தொழிற்சாலைக்கு ப்ராக்ஸிதான். இதோடு எது எதற்குப் பின்னால் இருக்கிறது என்ற சார்பையும் சொல்லிவையுங்கள். நாகியோஸில் பேரன்ட் என்று கொடுத்துவிட்டால், நடுவில் ரவுட்டர் விழும்போது அதற்குப் பின்னால் உள்ளவை டவுன் என்று வராமல் அன்ரீச்சபிள் என்று வரும். ஜாபிக்ஸில் ட்ரிக்கர் சார்பு வைத்தால் ஒரே ஒரு அலர்ட் வரும். ராத்திரி இரண்டு மணிக்கு வரும் முப்பது எஸ்எம்எஸ்ஸில் எது வேர் என்று தேடுகிற வேதனையை அனுபவித்தவருக்கு இதன் அருமை புரியும்.

கடைசியாக, எல்லாரும் விட்டுவிடுகிற வழி, நான் முதலிடம் கொடுக்கிற வழி: வேலை நடக்கிறதா என்றே நேராகக் கேட்பது. ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பொய்ப் பச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். தராசிலிருந்து எடை ஷெட் கணினிக்கு வருகிறது, அங்கிருந்து ஒரு புரோகிராம் அதைத் தொழிற்சாலை சர்வருக்கு அனுப்புகிறது. லிங்க் ஒரு தடவை அறுந்து வந்ததில் அந்தப் புரோகிராம் செத்த இணைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. விண்டோஸைக் கேட்டால் சர்வீஸ் ரன்னிங், சிபியு குறைவு, டிஸ்க்கில் இடம் இருக்கிறது, ஏஜென்ட் ஒழுங்காக ஹார்ட்பீட் அனுப்புகிறது. கண்காணிப்பு பொய் சொல்லவில்லை, நாம் கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொல்கிறது. ஷெட்டில் சிறு விவசாயிகள் மூட்டையோடு மழையில் நிற்கிறார்கள், நேரம் ஆக ஆக இலை வதங்குகிறது, ரசீது வரவில்லை.

இதற்கு டேட்டாபேஸில் ஒரே ஒரு கேள்வி போதும்: கடைசி எடை எத்தனை மணிக்குப் பதிவானது? இலை வருகிற நேரத்துக்குள் அது அரை மணிக்கு மேல் பழையதானால் சிவப்பு. ஒரு எஸ்க்யூஎல் வரி, ஜாபிக்ஸில் ஒரு ஐட்டம், எஸ்காமில் ஒரு ஸ்கிரிப்ட் மானிட்டர், அவ்வளவுதான். எல்லையை மட்டும் பருவம் பார்த்து வைக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும்போது இலை வரத்தே குறைந்துவிடும், அப்போது அரை மணி இடைவெளி இயல்பு, எல்லையைத் தளர்த்தாவிட்டால் மறுபடி பொய்ச் சிவப்பு. ஞாயிறு, பண்டிகை நாட்களையும் விலக்கிவிடுங்கள்.

இதே ரகத்தில் இன்னொரு பொய்ப் பச்சை, தொகுப்பு நிறம். தொழிற்சாலை என்ற பெயருக்கு எதிரே தெரியும் நிறம், அதன் கீழே உள்ள பல மானிட்டர்களைச் சேர்த்து வருவது. எஸ்காமில் அந்தச் சேர்ப்பை மிக மோசமானது, மிக நல்லது, சதவீதம் என்று மூன்று விதமாக வைக்கலாம். இரண்டு யூபிஎஸ் உள்ள இடத்தில் மிக நல்லது என்று வைத்திருந்தால், ஒன்று செத்தாலும் மேலே பச்சை. தெரிந்தே வைத்திருந்தால் சரி, யாரோ எப்போதோ வைத்துவிட்டுப் போனது என்றால் திறந்து பார்த்து மாற்றுங்கள்.

ஆக, இன்றைக்கு ஒரு முரண்பாடு வந்திருக்கிறது, எதை எடுப்பது? நான் போகிற வரிசை இது. கடைசிச் சோதனை நேரம் பழையதா, புதியதா? புதியதாக இருந்தும் நிறம் பொய் என்றால் ஏஜென்டைத் தொடவே தொடாதீர்கள், கேள்விதான் தவறு, மானிட்டரை மாற்றுங்கள் அல்லது கடைசி எடை மாதிரி ஒன்றைச் சேருங்கள். பழையது என்றால் வேறு கன்சோலில் பாருங்கள், அங்கேயும் பழையது என்றால் லிங்க், கடிகாரம், போர்ட் மூன்றையும் பாருங்கள். அவை சரி என்று ஆன பிறகே கேச். கேச்சும் பலிக்காமல், லாக்கில் ஆதாரம் இருந்தால் ஏஜென்டை மறுபடி போடுங்கள். ரீசெட், கோளாறு தீர்ந்ததை வேறு வழியில் உறுதிசெய்துவிட்டு, தானாகப் பச்சைக்குத் திரும்பாத வகை மானிட்டருக்கு மட்டும்.

ஒவ்வொரு தடவையும் தொடுவதற்கு முன்னால் ஹெல்த் எக்ஸ்ப்ளோரர் வரலாற்றையும், அந்தக் கணினியின் லாக்கையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அடுத்த வாரம் அதே கணினி அதே நேரத்துக்குச் சாம்பலானால், இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அது மழை நேரமா, டிரையர் மோட்டார் ஓடத் தொடங்கி வோல்டேஜ் இறங்குகிற நேரமா, பேக்கப் ஓடி லிங்க்கை அடைக்கிற நேரமா என்று பிடிபடும். வாங்க வேண்டியதற்கு முதலாளியிடம் பட்டியல் கொடுக்கிறீர்கள் என்றால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் செப்டம்பரிலேயே கொடுத்துவிடுங்கள்: சர்வர் உள்ள தொழிற்சாலைக்கு ஒரு ப்ராக்ஸிப் பெட்டி, ஷெட்டுக்கு ஒரு பட்டன் செல், லிங்க் கம்பத்துக்கு எதிரே உள்ள சில்வர் ஓக் கிளையைக் கழிக்க இரண்டு ஆள் கூலி.